காட்டுக்கோழிக்குக் கழுவின சோளம்

“…எலியும் அணிலும் திண்டு ஏவறை விட்டாப் பிறகு மிச்சம் கிடந்தாத்தான் உன்ரை சீமைக்கோழிக்கு. அதுக்குத்தான் தலைபாடாச் சொல்லுறன், பீப்பாய்க்குக் கால் வை எண்டு,” என்றார் மச்சாள்.

சொல்லும்போது அவர் எங்கள் குசினித் தரையில், நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு குந்தியிருந்தார். நான் அடுப்பு நெருப்பில் ஒரு பழைய கத்தியின் முனையைப் பழுக்கக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். மொன்றியலில், செயின்ட்-மிஷேலில் மூன்றாம் மாடி வீடு. வீடு முழுக்க ஒலிவ் காய் ஊறின உப்புத் தண்ணீரின் மணமும் உருகின பிளாஸ்டிக்கின் மணமும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. கீழ்வீட்டு ஹெயிட்டிக்காரப் பெண் படியேறி வந்து, ஏதும் எரிகிறதா என்று விசாரித்தாள். கோழி சாப்பிடுவதற்கு ஒரு சாமான் செய்கிறோம் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். எங்கே கோழி என்று என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். கோழியை நாங்களும் இன்னும் காணவில்லை என்றேன். அவள் சிரித்துக்கொண்டே இறங்கிய சத்தம் கீழ்க் கதவு சாத்தும் மட்டும் கேட்டது.

மச்சாள் என்றால் என் வீட்டுக்காரர், இவருடைய மூத்த அக்கா. கலியாணம் கட்டாதவர். ஊரில் இருக்கவே முடியாது என்று வந்தபிறகு எங்களுக்குப் பின்னால் புறப்பட்டு, எண்பதுகளின் நடுவில் ஒரு மாரிகாலத்தில், செருப்புக் காலோடு மொன்றியலில் வந்து இறங்கினவர். கொஞ்ச நாள் ஒரு தையல் தொழிற்சாலைக்குப் போனார். மெஷின் இரைச்சலில் பக்கத்தில் இருக்கிறவளோடு கதைக்க முடியவில்லை என்று விட்டுவிட்டார். “வாயைத் தைக்கிறதுக்கோ சம்பளம் தாறாங்கள்?” என்று அவர் கேட்டதை இன்றைக்கும் எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிப்போம். எனக்குப் பழமொழி, சொலவடை என்றால் பைத்தியம். படித்த படிப்பு கொஞ்சம். கேட்ட கதைதான் கூட. அப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு மச்சாள் வாய்த்தது, கரும்பு தின்னக் கூலி.

அந்தக் கரும்பைத்தான் ரொறன்ரோவுக்கு ஏற்றிப் போகப் பார்த்தார்கள். அங்கே இருந்த இவர்களுடைய சித்தப்பா தொலைபேசியில் சொல்லிவிட்டார். பனிக்கு முதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வான் கொண்டு வருவாராம், மச்சாள் பெட்டி கட்டி ஆயத்தமாக இருக்க வேணுமாம். அங்கே எங்கள் சனம் இருக்கிறது, கோயில் இருக்கிறது, உடன் பிடித்த மீன் இருக்கிறது, இந்தப் பிரெஞ்சுக்காரருக்குள் தனியே வீட்டில் இருந்து என்ன செய்யப்போகிறாள் என்று அடுக்கினார். மச்சாள் எல்லாவற்றுக்கும் “ஓம் சித்தப்பா, ஓம் சித்தப்பா” என்றார். ரிசீவரை வைத்துவிட்டு, “சமைக்க ஆளில்லை எண்டதை மட்டும் மறந்துபோனார்,” என்றார்.

மச்சாளுக்குப் போக விருப்பமில்லை. அது எனக்குத் தெரியும், இவருக்கும் தெரியும். ஆனால் மூத்தவர் கூப்பிட்டால் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்கிற பழக்கம் எங்கள் வீடுகளில் இல்லை. ஒரே ஒரு சாட்டுத்தான் எடுபடும். அது வேலை. கனடாவில் வேலை என்ற சொல்லுக்கு முன்னால் சித்தப்பாமாரும் வாயை மூடுவார்கள். கையில் வேலை இருந்தால் மச்சாள் எங்களோடு. இல்லையென்றால் அந்த ஞாயிறு வானில்.

வேலை வந்தது ஒலிவ் காய் வழியால். நான் அப்போது ஜான்-டலோன் சந்தையில், ஒரு இத்தாலியக் குடும்பத்தின் கடையில், ஒலிவ் காயும் ஊறுகாயும் அள்ளிக் கொடுக்கிற வேலை செய்தேன். கடைக்காரியின் அண்ணனுக்கு நகரத்துக்கு வெளியே, மேற்குப் பக்கமாக ஒரு பண்ணை. மரக்கறியும் உண்டு, ஃபெசன்ட் கோழியும் உண்டு. வலை கட்டின பெரிய வெளியில் அவற்றைத் திறந்துவிட்டு வளர்த்து, நல்ல சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பார். அவருடைய லொறி விடியற்காலையில் மரக்கறி கொண்டுவரும், இறக்கிவிட்டுத் திரும்பிப் போகும். ஒருநாள் அவரே வந்து, தங்கச்சியிடம் புலம்பிக்கொண்டு நின்றார். கோழி பார்த்த ஆள் மர ஆலை வேலைக்கு ஓடிவிட்டானாம். நிலத்தில் கொட்டுகிற தீனியைக் காகமும் எலியும் தின்கிறதாம். விற்கிற இரும்புத் தீனிப்பெட்டிகளோ பிஷப்மார் வீட்டுக் கோழிக்குச் செய்த விலையாம்.

கடைக்குப் பின்னால் வெறும் ஒலிவ் பீப்பாய்கள் குவிந்து கிடந்தன. எனக்கு வாய் முந்தியது. அதோ அந்தப் பீப்பாயில் செய்யலாமே, எங்கள் வீட்டில் கோழியோடு கதைக்கத் தெரிந்த ஒரு ஆள் இருக்கிறார் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்று செய்து கொண்டுவரட்டும், என்றார். சிந்தாமல் சிதறாமல் என் கோழிகள் அதில் சாப்பிட்டால் மிச்சப் பீப்பாயையும் அவரே செய்யட்டும், கோழியையும் அவரே பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மச்சாள் அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நின்றது. எப்படியான கோழி என்று கேட்டார். சேவலுக்குச் சிவந்த முகம், பச்சைக் கழுத்து, கழுத்தில் வெள்ளை வளையம், ஒரு முழத்துக்கு வால், ஆளைக் கண்டால் பற்றைக்குள் ஓடும் என்றேன். “அப்ப எங்கடை காட்டுக்கோழிதான். இஞ்ச வந்து கலியாண உடுப்புப் போட்டிருக்கு,” என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து வீடு பட்டறை.

யோசனை மிக எளிது. பீப்பாய்க்குள் தீனி, மேலே இறுகின மூடி, அடியில் சில துளை. கோழி கொத்தும்போது மட்டும் தானியம் விழ வேணும், கொத்தாதபோது நிற்க வேணும். எளிது என்று சொன்னேனே, அந்த எளிதுக்குள்தான் எங்களுக்கு ஆழம் தெரியவில்லை. நான் முதலில் போட்ட துளை பெருத்துவிட்டது. மச்சாள் பீப்பாயைத் தூக்கினார், உள்ளே போட்டிருந்த கடலை முழுக்க மாரி மழைபோல அவர் மடியில் கொட்டியது. அடுத்த பீப்பாய்க்குச் சின்னத் துளை. இந்தமுறை ஒரு கடலையும் அசையவில்லை. “ஒண்டு தானதருமம், மற்றது கஞ்சப்பிசினாறி. நடுவிலை ஒரு மனிசனை உண்டாக்கத் தெரியேல்லையோ உனக்கு?” என்றார்.

அந்த நடு மனிதரை வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஒழுங்கையில் கண்டெடுத்தோம். மொன்றியலில் யூலை முதலாம் திகதி ஊரே வீடு மாறும். வேண்டாத சோபா, மெத்தை, கதிரை எல்லாம் ஒழுங்கைக்கு வரும். எங்கள் ஒழுங்கையில் அப்படி வந்த ஒரு சோபா, எடுக்க ஆளில்லாமல் இலையுதிர்காலம்வரை கிடந்தது, வயிறு கிழிந்து, சுருள் கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டு. மச்சாள் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒருநாள் அதன் முன்னால் நின்றுவிட்டார். சுருளைத் துளைக்குள்ளால் தொங்கவிட்டால் தானியம் அதில் தங்கி நிற்கும். கோழி சுருளைக் கொத்தினால் அது ஆடும், ஆடினால் நாலு மணி விழும். வீட்டுக்கு ஓடிப்போய்க் குறடு எடுத்துக்கொண்டு வந்தார். அந்த சோபாவுக்குப் பக்கத்தில் கிடந்த சாப்பாட்டுக் கதிரையின் கால்களும் அன்றைக்கே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன.

காலைப் பூட்ட மட்டக்களப்பு அண்ணை வந்தார். எதிர்ப்பக்க வீடு, துறைமுகப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்துக்கு வான் ஓட்டுகிறவர். துளைபோடுகிற மெஷின் அவரிடம்தான் இருந்தது. பீப்பாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அக்கா, கோழிக்குக் கூடு கட்டினவனக் கண்டிருக்கன். கோழிக்கு ஹோட்டல் கட்டுற ஆக்கள இண்டைக்குத்தான் காணுறன்,” என்றார். வேலை முடிந்ததும் மச்சாள் அவரைச் சோதனைக்கு இருத்தினார். விரல் ஐந்தையும் சொண்டுபோலக் குவித்துச் சுருளைக் கொத்த வேணும். அண்ணையின் கை ஒவ்வொன்றும் பலாக்காய். அவர் ஒரு கொத்துக் கொத்த, பீப்பாயே ஒரு அடி நகர்ந்தது. இது கோழியில்லை, கொக்கு என்று மச்சாள் அவரைத் தள்ளிவிட்டுத் தானே கொத்திக் காட்டினார்: மெல்ல, தலையைச் சரித்து, ஒரு கண்ணால் பார்த்து. கொத்துக்கு நாலைந்து மணி, கணக்காய் விழுந்தது. நாங்கள் மூன்று பேரும் முறைவைத்துக் கொத்தினோம். அந்த நேரம் இவர் வேலையால் வந்து கதவைத் திறந்தார். வீட்டின் நடுவில் நாலு காலில் ஒரு நீலப் பீப்பாய், அதைச் சுற்றிக் குந்தியிருந்து விரலால் கொத்துகிற மூன்று பெரிய மனிதர். அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், தேத்தண்ணி கிடைக்குமா என்று மட்டும் கேட்டார்.

பீப்பாயின் உப்பு மணத்தைப் புளிக்கரைசலும் சுடுதண்ணீரும் போட்டுத் தேய்த்துப் போக்கினோம். மச்சாள் அதன் நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டும் வைத்தார். புதுச் சாமானுக்குப் பொட்டில்லாமல் எப்படி? இவ்வளவும் சரி. பிழை வந்தது தீனியில்.

பண்ணைக்காரர் லொறியில் ஒரு சாக்குச் சோளம் அனுப்பியிருந்தார். இதையே நிரப்பிக் கொண்டுவாருங்கள், இடத்தில் வைக்க வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார். மச்சாள் சாக்கைப் பிரித்துக் கையை விட்டார். தூசி எழும்பியது. தொடர்ந்து தும்மினார். பிறகு கையில் ஒட்டின உமியையும் மண்ணையும் என் மூக்குக்கு நேரே நீட்டி, இதையா வாயில்லாத சீவனுக்குப் போடுவது என்று கேட்டார். எங்களுக்கு அரிசி என்றால் புடைத்து, கல் அரித்து, நாலு தண்ணியில் களைந்துதான் அடுப்பில் ஏறும். களையாத அரிசியில் சோறு போட்ட வீட்டுக்கு இரண்டாம் தரம் யாரும் போவதில்லை. முதன்முதலாக ஒரு இடத்துக்கு வேலை கேட்டுப் போகிறோம், அழுக்குச் சாப்பாட்டோடா போவது?

பீட்சா வந்த பெட்டி மூடி சுளகானது. பின் மொட்டை மாடி என்று சொல்ல முடியாது, ஒரு சின்ன பல்கனி. அதில் நின்று மச்சாள் புடைத்தார். காற்று நல்ல காற்று. உமி எல்லாம் கீழே, ஹெயிட்டிக்காரப் பெண் கப்பிக் கயிற்றில் காயப்போட்டிருந்த வெள்ளைச் சட்டைகளில் போய் இறங்கியது. அவள் அண்ணாந்து பார்த்து ஏதோ கேட்டாள். கோழி இன்னும் வரவில்லை என்று நான் சொன்னேன். பிறகு குளியல் தொட்டியில் சோளத்தைக் கொட்டி, தண்ணி தெளிவாக வரும்வரை அலசினோம். பிறகு இரண்டு பழைய சேலையை விரித்து, வீட்டுக் கூடம் முழுக்கப் பரவிவிட்டோம்.

அடுத்த நாட்கள் நாங்கள் சுவரோடு சுவராக, நண்டுபோல நடந்தோம். இவர் ஒருமுறை மறந்துபோய் நேரே நடந்து, சோளம் காலுக்குக் கீழே உருள, அங்கப்பிரதட்சணம் செய்கிறவர்போல அந்தப் பக்கச் சுவர் மட்டும் போய்ச் சேர்ந்தார். எழும்பி இருந்துகொண்டு, தன் அக்காவைப் பார்த்து, நீங்கள் ரொறன்ரோவுக்கே போயிருக்கலாம் என்றார். சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். மச்சாள் சிரித்தார்தான். ஆனால் அன்றைக்குப் பின்னேரம் அவர் சோளத்தைக் கிளறிக்கொடுத்த வேகம் வேறுவிதமாக இருந்தது.

இன்னும் ஈரம்போல இருக்கிறதே என்று நான் ஒருக்கால் சொன்னேன். மச்சாள் ஒரு மணியை எடுத்துக் கடித்தார். ‘டக்’ என்றது. கடிபட்டால் காய்ந்தது, அதுதான் ஊரில் நெல்லுக்கும் பயறுக்கும் உள்ள கணக்கு. ஊர் வெயிலுக்கு அந்தக் கணக்குப் பிழைக்காது. இங்கே வெயில் என்பது யன்னலால் எட்டிப் பார்த்து, சப்பாத்தைக் கழற்றாமலே திரும்பிப் போகிற விருந்தாளி. அது எங்களுக்குத் தெரியவில்லை. நிரப்பினோம். மூடியை இறுக்கினோம். காற்றுப் போகாதபடி மட்டக்களப்பு அண்ணை இன்னும் ஒருக்கால் இறுக்கினார்.

அவருடைய வானில் பீப்பாயைக் கொண்டுபோய், வலை கட்டின வெளியில், பற்றை ஓரமாக நிறுத்தினோம். கோழி ஒன்றும் கண்ணில் படவில்லை. பற்றைக்குள் ஒரு வால் மட்டும் ஓடியது. பண்ணைக்காரர் பீப்பாயில் இருந்த சந்தனப் பொட்டைக் காட்டி அது என்ன என்றார். செய்தவரின் முத்திரை என்றேன். தலையாட்டினார். ஒரு கிழமை இப்படியே இருக்கட்டும், நானும் இந்தப் பக்கம் வரமாட்டேன், என்றார். பறவையை வா என்று கூப்பிட்டால் போகும், போ என்று விட்டால் வரும் என்பது அவருடைய சித்தாந்தம். அடுத்த ஞாயிறு வந்து பாருங்கள்.

அடுத்த ஞாயிறுதான் சித்தப்பாவின் வானும் வருகிற ஞாயிறு.

அந்தக் கிழமை பார்த்து மொன்றியலில் ஒரு சூடு பிடித்தது. மேப்பிள் இலை சிவந்து கொட்டுகிற காலத்தில், போன கோடை எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்ததுபோல ஒரு வெயில், இடைக்கிடை மழை, திரும்பவும் வெயில். சனம் கோட்டைக் கழற்றிவிட்டு வீதியில் திரிந்தது. நல்ல சகுனம் என்று நான் சொன்னேன். மச்சாள் ஒருபக்கம் பெட்டி கட்டினார். மறுபக்கம் அடுத்த பீப்பாய்க்குச் சுருள் கழற்றினார். ஒரு கை ரொறன்ரோவுக்கு, ஒரு கை கோழிக்கு.

சித்தப்பா சொன்ன நேரத்துக்கு முதலே வந்துவிட்டார். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வெடுத்தவர், ஞாயிறென்றும் பாராமல் கழுத்துப்பட்டி கட்டுகிறவர். வேலை சரிவரக்கூடும், ரொறன்ரோப் பாதையிலிருந்து கொஞ்சம் விலகினால் பண்ணை, போகிற வழியில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இவர் மெதுவாகச் சொன்னார். என்ன வேலை என்று சித்தப்பா கேட்டார். சொன்னதும் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டார்.

“பிள்ளை, கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கோணும் எண்டு சும்மாவோ சொன்னவை?”

அரசாங்க வேலை என்றால் கோழி மேய்க்கிறதும் மரியாதைதான், மற்றதெல்லாம் வேலையே இல்லை என்று யாழ்ப்பாணம் கண்டுபிடித்து வைத்த வேதவாக்கு அது. மச்சாள் தலையைக் குனிந்துகொண்டு, மிகவும் பணிவாகச் சொன்னார்.

“கோறணமேந்து என்னைக் கேக்கேல்லை, சித்தப்பா. கோழிதான் கேட்டிருக்கு.”

நான் குசினிக்குள் ஓடிப்போய், சிரிப்பு அடங்கும்வரை தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். ஆனாலும் சூட்கேஸ் வானில் ஏறியது. மச்சாள் ரொறன்ரோவுக்கென்று வாங்கின புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். திரும்பி வரும்போது பஸ் பிடிப்போம் என்றார் இவர். நாங்கள் பின்னால். மட்டக்களப்பு அண்ணை, தான் பூட்டின காலுக்குத் தானே பொறுப்பு என்று சொல்லி, சூட்கேசுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். வழி முழுக்க ஒரே கலகலப்பு. மச்சாள் மட்டும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

வலைக் கதவைத் திறந்து உள்ளே போனோம். பண்ணைக்காரர் முன்னால், நாங்கள் பின்னால். பற்றை ஓரத்தில் எங்கள் பீப்பாய் நின்றது. நின்றதா? தவம் செய்தது. நாலு காலில், நெற்றியில் மழைக்குப் பாதி கரைந்த பொட்டோடு, கீழே சுருள் தொங்கின துளை எல்லாவற்றிலும் வெள்ளையும் பச்சையுமாக முளை இறங்கி, காற்றில் ஆடுகிற தாடியோடு ஒரு முனிவர். இன்னும் ஒரு கிழமை விட்டிருந்தால் வரம் கொடுத்திருக்கும்.

பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றினார். என் சோளத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். கழுவினோம் என்றேன். விளங்கவில்லை என்றார். ஆங்கிலத்தில் சொன்னேன். பிரெஞ்சில் சொன்னேன். கடையில் பழகின இத்தாலியச் சொல்லையும் போட்டு, கையால் அலசியும் காட்டினேன். அவர் வலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் நீர் வரும் மட்டும் சிரித்தார், எங்களுக்கும் தொற்றிவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, என்னைப் பார்த்து ஆறுதலாகச் சொன்னார். நல்ல மனிதர்கள் நீங்கள், என்றார். ஆனால் மாரி வருகிறது, ஈரத் தீனி போட்டால் என் கோழிகள் மிஞ்சாது. கோழி பார்க்க ஊருக்குள் தெரிந்த ஒருவனை நான் பிடித்துக்கொள்கிறேன்.

நான் மொழிபெயர்க்கவில்லை.

“விடு பிள்ளை. நீ வாயை மூடினதிலேயே விளங்கிட்டுது,” என்றார் மச்சாள்.

உள்ளதும் போச்சடா நொள்ளைக்கண்ணா என்று நான் நின்றேன். சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் பற்றை அசைந்தது. ஒரு சேவல் வெளியே வந்தது. சத்தியமாகக் கலியாண மாப்பிள்ளைதான், செம்பொன் நிறமும் வாலும். எங்களை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, நேரே போய் முனிவரின் தாடியைப் பிடித்து இழுத்தது. பின்னால் இரண்டு பேடு. சித்தப்பாவுக்கு என்ன நடந்ததோ தெரியாது, ஒரு வாழ்நாள் கச்சேரி உத்தியோகத்தையும் மறந்து பண்ணைக்காரரின் தோளைத் தட்டி, “லுக், லுக், ஈற்றிங்!” என்றார்.

ஆனால் மச்சாள் ஓடினார். சேலையும், அந்தச் சூட்டிலும் கழற்றாத கோட்டும் பறக்க, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, “சூ, சூ” என்று கோழிகளைத் துரத்திக்கொண்டு ஓடினார். வேலை கிடைக்க வேண்டிய நேரத்தில் கோழியைத் துரத்துகிறாளே என்று சித்தப்பா தலையில் கைவைத்தார். மச்சாள் பீப்பாயை ஒரே தள்ளில் சரித்து, மூடியைத் திருகி எடுத்தார். கள்ளுக்கொட்டில் வாசம் வந்து முகத்தில் அறைந்தது. மட்டக்களப்பு அண்ணை கண்ணை மூடி ஒருமுறை ஆழமாக இழுத்தார். உள்ளே சோளம் எல்லாம் வேரும் முளையுமாகப் பாய்போலப் பின்னி, ஓரத்தில் நீலப் பூஞ்சணம். புளித்த தீனி தின்றால் கோழி இரண்டு நாளில் தலையைத் தொங்கப்போடும் என்று மச்சாள் என்னிடம் கத்தினார், அவருக்குச் சொல்லு என்றார். சொன்னேன். பண்ணைக்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

மச்சாள் அந்தப் பாயைக் கையாலேயே இழுத்து எறிந்தார். கழுத்தில் சுற்றியிருந்த கம்பளிச் சால்வையைக் கழற்றி, தலையைப் பீப்பாய்க்குள் விட்டு, உள்பக்கத்தை ஈரம் ஒட்டாமல் துடைத்தார். சுருள்களைத் தட்டி உதறினார். காய்ந்த சோளம் கொண்டுவா என்று எனக்குக் கட்டளை. களஞ்சிய அறையிலிருந்து ஒரு வாளி கொண்டுவந்தேன். அவர் அதைப் பார்த்தார். அதில் தூசி இருந்தது, உமி இருந்தது, மண் இருந்தது. எனக்கு அவரைத் தெரியும். அந்த முகத்தில் நடந்த போராட்டம் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. பேதிமருந்து குடிக்கிற பிள்ளைபோலக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அப்படியே கொட்டினார்.

பிறகு எங்கள் எல்லாரையும் கையைக் காட்டித் துரத்தினார். நாங்கள் வலைக்கு வெளியே ஒதுங்கினோம். சித்தப்பா கழுத்துப்பட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு ஒரு பற்றைக்குப் பின்னால் குந்தினார். மச்சாள் பீப்பாய்க்குப் பக்கத்தில் குந்தி, ஐந்து விரலையும் குவித்து, தலையைச் சரித்து, சுருளைக் கொத்தினார். நாலைந்து மணி விழுந்தது. “பா… பா… பா…” என்று கூப்பிட்டார், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஊர்க் கோழியைக் கூப்பிடுகிற அதே குரலில். கொத்தினார், கூப்பிட்டார், மெல்லப் பின்னால் நகர்ந்தார்.

சேவல்தான் முதலில் வந்தது. சுருளைப் பார்த்தது, மச்சாளைப் பார்த்தது. ஒரு கொத்து. மணி விழுந்ததும் வெருண்டு துள்ளிப் பின்னால் போனது. திரும்ப வந்தது. இன்னொரு கொத்து. பிறகு அதற்கு ருசி பிடித்துவிட்டது. பேடுகள் ஓடி வந்தன, பற்றைக்குள் இருந்து இன்னும் இன்னும் வந்தன. ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு கூட்டம். கொத்தினால் விழுந்தது, விட்டால் நின்றது. நிலத்தில் ஒரு மணி மிஞ்சவில்லை. மேலே கம்பத்தில் இருந்த காகம் பார்த்துப் பார்த்துச் சலித்துப் பறந்துபோனது. மட்டக்களப்பு அண்ணை என் காதுக்குள், நான் பூட்டின கால் அசையுதா எண்டு பாருங்க தங்கச்சி, என்று முணுமுணுத்தார்.

பண்ணைக்காரர் தொப்பியைத் தலையில் வைத்தார். அந்த மனுஷி கோழிக்கு என்ன சொன்னவர் என்று கேட்டார். வா என்று சொன்னவர் என்றேன். இவ்வளவு காலத்தில் நான் கூப்பிட்டு இவை ஒருநாளும் வந்ததில்லை, என்றார். பனிக்கு முன் மிச்சப் பீப்பாயைச் செய்து முடிக்க வேணும். விடியற்காலையில் சந்தைக்கு லொறி வரும், இறக்கிவிட்டுத் திரும்பும்போது அதில் ஏறி வரட்டும், பின்னேரம் கொண்டுவந்து விடச் சொல்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை என்று விரலைத் தூக்கினார்: என் சோளத்தை அவர் கழுவக்கூடாது.

நான் நிபந்தனையை முதலிலும் வேலையைப் பிறகும் சொன்னேன். அப்படிச் சொன்னதில்தான் ருசி. மச்சாள் வலைக்குள் இருந்து எழும்பி வந்தார். கையெல்லாம் புளித்த சோளம், கோட்டெல்லாம் உமி. இவர் தன் அக்காவைப் பார்த்துச் சிரித்தபடியே நின்றார். சித்தப்பா பற்றைக்குப் பின்னால் இருந்து எழும்பி, முழங்காலைத் தட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

“கெட்டித்தனம்தான் பிள்ளை, நான் இல்லையெண்டு சொல்லேல்லை. எண்டாலும் ஆறுதலா யோசிச்சுச் சொல்லு. வான் நிக்குது.”

மச்சாள் வானின் பின்கதவைத் திறந்தார், சூட்கேசை இரண்டு கையாலும் இழுத்துப் புல்லில் இறக்கினார், அதன் மேலேயே குந்தினார், ரொறன்ரோச் சப்பாத்து இரண்டையும் கழற்றி ஒருபக்கம் வைத்தார். களஞ்சியக் கதவோரம் ஓடிப்போன வேலையாள் விட்டுவிட்டுப் போன, முழங்கால் மட்டும் வருகிற ரப்பர் சப்பாத்தை எட்டி எடுத்தார். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, அதற்குள் காலை விட்டார்.